கடைசி வீட்டு மாமனார்

அந்தக் கம்பை அங்க ஊனாதீங்க தம்பி. அது சாமி வந்து நிக்கிற இடம். கொஞ்சம் தள்ளி ஊனுங்க. இன்னும் கொஞ்சம். அதுக்கு மேல தள்ள இடமில்லையா? அதுவும் சரிதான், அதுக்கு மேல கடல். அப்ப ஊனவே வேண்டாம், கையில புடிச்சுக்கிட்டு உள்ள வாங்க. இந்த வெயில்ல நின்னு கடலை அளக்குறீங்களே, அது என்ன ஓடியா போயிடப் போகுது? வர்றதுதானே அதுக்கு வேலை.

செருப்போடயே வாங்க, தரை ஈரமாத்தான் இருக்கும். அந்த நாற்காலியில உக்காருங்க. பின்னால சாயாதீங்க, ஒரு கால் ஒடைஞ்சது. காலைத் தூக்கி இந்தச் செங்கல்லு மேல வச்சுக்குங்க. டீ போட்டுத் தர ஆளில்ல. வீட்டுக்காரி காலனியில இருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. சரி, சண்டைதான். அதை அப்புறம் சொல்றேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். காலேஜுலேருந்து கடல் மட்டம் அளக்க வந்தீங்க. போறதுதான் போறீங்க, அந்தக் கடைசி வீட்டுப் பக்கிரிசாமிகிட்ட ஒரு கையெழுத்தும் வாங்கிட்டு வந்துடுங்கன்னு தாலுகா ஆபீசுல ஒரு காகிதத்தை உங்க கையில திணிச்சுட்டாங்க. அவங்க ஆளு எத்தனையோ தடவை வந்து, வந்ததுக்கெல்லாம் டீ குடிச்சுட்டுப் போனதுதான் மிச்சம். அப்ப வீட்டுக்காரி இருந்தா.

நான் கையெழுத்துப் போட்டா இந்த வீட்டை இடிச்சுட்டு, சர்க்காரு உள்ள தள்ளிக் கட்டியிருக்கிற காலனியில ஒரு வீட்டை எனக்குக் கொடுத்துடுவாங்க. போடாட்டி காலனி வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்குவாங்க. இன்னிக்குச் சாயந்திரத்தோட கெடு. நான் எப்படியும் போட்டுடுவேன்னு நம்பி என் வீட்டுக்காரி தையநாயகி இப்பவே அந்த வீட்டுல போய் உக்காந்திருக்கா. கூட எங்க மக இந்திராணி, நிறைமாசம். இவ்வளவுதானே விஷயம்? பார்த்தீங்களா, எல்லாம் தெரிஞ்ச ஆளுதான் நான். ஆனா ஆளாளுக்கு வந்து சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்றாங்க. இப்ப உங்களுக்குத் தெரியாத ஒண்ணை நான் சொல்றேன், கேளுங்க. நீங்க யாரு வீட்டுல உக்காந்திருக்கீங்க தெரியுமா? சாமிக்கு மாமனார் வீட்டுல.

சிரிக்காதீங்க. உங்களுக்கு முன்னால வந்த ஆபீசரும் இப்படித்தான் சிரிச்சாரு.

மாசிமகத்தன்னிக்கு எங்க ஊருப் பெருமாள் கடலுக்கு வருவாரு. எல்லா ஊருலயும்தான் சாமி வருது. ஆனா மத்த ஊருல சாமி குளிக்க வரும், குளிச்சுட்டுப் போகும். எங்க ஊருல அவரு மாப்பிள்ளை. கடல்தான் பொண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவை பொண்ணைப் பார்க்க மாமனார் வீட்டுக்கு வர்றாரு. சரி, மாப்பிள்ளை வந்து எறங்கப் பொண்ணு வீடுன்னு ஒண்ணு வேணுமில்ல? கடலுக்கு எது வீடு? அதனால எங்க முப்பாட்டனுங்க ஒரு ஏற்பாடு பண்ணி வச்சாங்க. சாமி வர்ற தெருவுல, கடலை ஒட்டி எது கடைசி வீடோ அதுதான் பொண்ணு வீடு. அந்த வீட்டுக்காரன்தான் அந்த வருஷம் மாமனார்.

ஏலம் கிடையாது. சிபாரிசு கிடையாது. கட்சி கிடையாது. கடைசி வீடுன்னா கடைசி வீடு, அவ்வளவுதான். மேளம் வந்து வாசல்ல நிக்கும். பல்லக்குத் தூக்குறவங்க காலை மாமனார் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவணும். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கொடுக்கணும். பட்டாச்சாரியாரு அவன் தலையில பரிவட்டம் கட்டுவாரு. கையில விளக்கைப் புடிச்சுக்கிட்டு சாமிக்கு முன்னால அவன்தான் கடல்ல எறங்கணும். அவன் தலை முங்குனப்புறந்தான் சாமி, சாமிக்கு அப்புறந்தான் ஊரு. அதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. வருஷம் பூரா ஊரே அவனை மாமான்னுதான் கூப்பிடும். டீக்கடையில முதல் கிளாசு அவனுக்கு. பஞ்சாயத்துல முதல் பேச்சு அவனுது. பல்லு போன கிழவன்கூட, "வாங்க மாமா"ன்னு எந்திரிச்சு நிப்பான் தம்பி!

நான் பொறந்தப்ப இந்த வீடு கடல்லேருந்து அஞ்சாவது வீடு. நம்ப முடியுதா? அந்தா, அலை உடையுதே, அதுக்கும் அந்தப் பக்கம் நாலு வீடு, அதுக்கு அப்பால வலை காயப்போடற மேடு, அதுக்கு அப்பால மணலு, அப்புறந்தான் கடல். நாங்க ஓடிப்போய்க் கடலைத் தொடறதுக்குள்ள மூச்சு வாங்கும். எங்கப்பா பரிவட்டத்தைப் பார்த்துப் பார்த்தே செத்தாரு. "நம்ம வீடு எங்கடா கடைசி வீடாகப் போகுது"ன்னு பெருமூச்சு விடுவாரு. பாவம், கொடுத்து வைக்கல.

வரிசையைச் சொல்றேன், எழுதிக்கிறதுன்னா எழுதிக்குங்க. முதல்ல சாமிக்கண்ணு வீடு. அப்பனும் மகனுமா நாப்பது வருஷமோ அம்பது வருஷமோ மாமனாரா இருந்தாங்க, யாருக்கும் கணக்குத் தெரியாது. அப்புறம் கடல் வந்து அவங்க கொல்லையை எடுத்துச்சு, அடுப்படியை எடுத்துச்சு, ஒரு ஐப்பசியில வீட்டையே எடுத்துச்சு. அடுத்தது குப்புராசு. பதினெட்டு வருஷம். அப்புறம் தனபாலு. அவன் ஏழு வருஷம். அப்புறம் எனக்கு முன்வீட்டுக் காத்தமுத்து. மூணே மாசி. மூணாவது மாசிக்குப் பரிவட்டம் கட்டினப்ப அவன் வீட்டுக்குக் கூரை இருந்துச்சு, கிழக்குச் சுவரு இல்ல. சாமிக்குத் தீபாராதனை காட்டுறாங்க, பின்னால அவன் வீட்டுக் கட்டில் தெரியுது.

நடுவுல சுனாமி வந்துச்சேன்னு கேப்பீங்க. அதைப் பத்தி நான் சிரிச்சுப் பேச மாட்டேன். எங்க அண்ணன் அதுலதான் போனாரு. ஆனா அது வேற தம்பி. அது வந்துட்டுப் போச்சு. செவுரு போன இடத்துல அதே அஸ்திவாரத்துல திரும்பக் கட்டிக்கிட்டோம், வரிசை மாறல. இது அப்படியில்ல. இது வந்தா போறதில்ல.

என்ன, கோடு போடுறீங்களா? அம்பது, பதினெட்டு, ஏழு, மூணு. அதுக்கு எதுக்குக் கோடு? அது எதுக்கு இப்படிக் கீழ பாயுது? நான் சொல்றேன் காரணம். பக்திதான். சாமிக்கண்ணு சனிக்கிழமை ஒருபொழுது இருப்பாரு, மீனைக் கையால தொடமாட்டாரு, அம்பது வருஷம் நின்னுச்சு. குப்புராசு பரவாயில்ல. தனபாலு குடிகாரன். காத்தமுத்து ஏகாதசியன்னிக்குக் கருவாடு வறுத்துத் தின்னவன். அவனுக்கு மூணு வருஷமே அதிகம். பக்தி குறையக் குறைய வருஷமும் குறையுது. இதுக்கு எதுக்குங்க காலேஜு?

உங்க காலேஜு மேடம் ஒருத்தங்க போன வருஷம் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. திரையில உலகப் படம் காட்டினாங்க. உலகமே சூடாகுதாம், எங்கேயோ மலை மலையா ஐஸு உருகுதாம், சூட்டுல கடல் தண்ணியே உப்பிப் பெருகுதாம். நான் எந்திரிச்சுக் கேட்டேன், "ஏம்மா, ஐஸு ஃபேக்டரி ஐஸு நாங்க மீனுக்குப் போடறதே ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள உருகிடுது, அதுக்கு நாங்க கூட்டமா போடுறோம்?" எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சாங்க, நல்ல மாதிரி. "நூறு நூத்தி இருவது வருஷத்துல உலகத்துக் கடலெல்லாம் சராசரியா ஒரு சாண் ஏறியிருக்கு ஐயா"ன்னாங்க. ஒரு சாண்! ஒரு சாணுக்கா இவ்வளவு படம்? எங்க வீட்டுக் குடத்துல தையநாயகி நிதம் ஒரு சாண் குறைச்சுத்தான் தண்ணி கொண்டாருவா.

அந்தம்மா விடல. "வாளியில ஊத்துனா ஒரு சாண் ஒரு சாண்தான் ஐயா. தட்டுல ஊத்திப் பாருங்க, எவ்வளவு தூரம் ஓடும்? உங்க கரை தட்டு மாதிரி"ன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, நான் கல்யாணம் பண்ணின காலத்துல கடல் வருஷத்துக்கு ஒரு அரிசி கனம்தான் ஏறிக்கிட்டு இருந்துச்சாம், இப்ப ரெண்டு அரிசி கனமாம். இந்த நூறு வருஷம் முடியறதுக்குள்ள முழங்கால் வரைக்கும் வருமாம், இல்ல இடுப்பு வரைக்குமாம். "எதும்மா, முழங்காலா இடுப்பா?"ன்னு கேட்டேன். "அது உலகத்துல எல்லாரும் எவ்வளவு புகை விடறாங்கங்கிறதைப் பொறுத்தது"ன்னாங்க. எப்படி இருக்கு பாருங்க! எவனோ எங்கேயோ காரு ஓட்டுவான், அதுக்கு என் வாசப்படி நனையுமாம். நான் பீடிகூடக் குடிக்கிறதில்ல தம்பி.

நான் சொல்ற கணக்கு இதைவிடச் சுலபம். மாப்பிள்ளைக்கு வயசாகுது. அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம்னு பொண்ணே எதிர்கொண்டு வர்றா. இதுல எதுக்கு ஐஸு, எதுக்குக் காரு?

கல்லுச் சுவரைப் பத்திச் சொல்லணும் உங்களுக்கு. தனபாலு மாமனாரா இருந்த காலத்துல சர்க்காருலேருந்து ஆளு வந்தாங்க. தெருமுனையில கருங்கல்லைக் கொட்டிச் சுவரு மாதிரி போட்டுத் தர்றோம், கடல் உள்ள வராது, ஊரு ஒத்துக்கிட்டா அடுத்த மாசமே லாரி வரும்னாங்க. பஞ்சாயத்துக் கூடுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். தனபாலு பல்லெல்லாம் தெரிய உக்காந்திருக்கான். ஏன் தெரியுதா? கல்லு விழுந்துட்டா கடல் அங்கேயே நின்னு போகும். அவன் வீடே காலத்துக்கும் கடைசி வீடு. அவனுக்கு அப்புறம் அவன் மகன், அவனுக்கு அப்புறம் பேரன். எங்களுக்கெல்லாம்? காலம் பூரா, "வாங்க மாமா, வாங்க மாமா."

பொய் சொல்லக் கூடாது, எனக்கு வயிறு எரிஞ்சுது. எந்திரிச்சேன். அன்னிக்கு என் வாயில எப்படித்தான் அந்தப் பேச்சு வந்துச்சோ! "கல்லுச் சுவரு போட்டா பல்லக்குத் தூக்குறவங்க கருங்கல்லுல எப்படி ஏறி எறங்குவாங்க? கால் வழுக்கிச் சாமி விழுந்தா யாரு பொறுப்பு? அது போகட்டும். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல சுவரு வைக்கிற ஊரு எங்கேயாவது உண்டா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். கூட்டத்துல ஒருத்தன் கோவிந்தான்னான். பொம்பளைங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. தனபாலு வாயைத் திறக்க முடியல, திறந்தா சாமிக்கு விரோதி. வேண்டாம்னு ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுச்சு. கல்லு தெக்கால ஊருக்குப் போச்சு. அங்க கல்லு விழுந்ததும் இங்க மணலு இன்னும் வேகமாப் போச்சு, அது வேற விஷயம்.

தையநாயகி மட்டும் வீட்டுக்கு வந்ததும் கேட்டா, "நீங்க சாமிக்காகத்தான் பேசினீங்களா?"ன்னு. பொம்பளைங்களுக்கு எதுலயும் சந்தேகம்.

அப்புறம் என்ன, தனபாலு போனான். காத்தமுத்து வந்தான். அவனும் போனான். காத்தமுத்து வீடு விழுந்தப்ப நான்தான் முதல்ல ஓடினேன். அவன் அண்டாவை இழுத்துப் போட்டேன், தகரப் பொட்டியைத் தூக்கினேன், அவன் பொண்டாட்டியை இடுப்பளவு தண்ணியில கையைப் புடிச்சுக் கூட்டியாந்தேன். வாயால ஐயோ ஐயோன்னுதான் சொன்னேன். மனசு அதுபாட்டுக்குப் பரிவட்டம் கட்டிக்கிட்டுது. மனசை என்ன பண்றது?

போன மாசிமகம் நீங்க பார்த்திருக்கணும் தம்பி. மேளம் இந்த வாசல்ல வந்து நின்னுச்சு. என் வாசல்ல! பரிவட்டத்தைக் கட்டினதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. எங்கப்பாவை நினைச்சுக்கிட்டேன். விளக்கைப் புடிச்சுக்கிட்டு எறங்கினேன். முந்தியெல்லாம் மாமனார் தெரு தாண்டி, மேடு தாண்டி, மணலு தாண்டி நடக்கணும். எனக்கு அந்தச் சிரமமே இல்ல, வாசப்படியிலேருந்து நேரா கடல்ல காலை வச்சேன். அப்படி ஒரு மாமனார் இதுவரைக்கும் இருந்ததில்லைன்னு பட்டாச்சாரியாரே சொன்னாரு. கொஞ்சம் வருத்தமாத்தான் சொன்னாரு, ஏன்னு தெரியல.

அன்னிக்கு ஒரே ஒரு கசப்பு. எங்க நிஜ மாப்பிள்ளை செந்தாமரைக்கண்ணன், துறைமுகத்துல கிரேன் ஓட்டுறாரு, அதே நேரம் பார்த்து வந்துட்டாரு. கையில ஸ்வீட் பாக்ஸு. வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு சொல்ல வந்திருக்காரு. வாசல்ல பல்லக்கு, உள்ள முழங்கால் தண்ணி, நான் சாமிக்குப் பட்டு வேட்டி நீட்டிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ளைன்னேன். சாமி போனப்புறம் பார்த்தா ஆளைக் காணோம். பாக்ஸு மட்டும் ஜன்னல்ல இருந்துச்சு. அன்னிக்குப் போனவரு இந்த வாசல் மிதிக்கல. "போய் ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டு வாங்க"ன்னு தையநாயகி தலைதலையா அடிச்சுக்கிட்டா. மாமனார் போய்க் கூப்பிடறதா? கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல?

இந்திராணி பிரசவத்துக்கு வந்தா. தாய் வீட்டுக்குத்தானே வரணும். போன பௌர்ணமிக்குக் கடல் ஏத்தத்துல தண்ணி அடுப்படிக்கு வந்துடுச்சு. அது வந்துட்டு எறங்கிடும், எனக்குப் பழக்கம். அவ பயந்துட்டா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு பெஞ்சு மேல காலைத் தூக்கி உக்காந்து, "அப்பா, அப்பா"ன்னா. நான் வாளியில அள்ளி ஊத்திக்கிட்டு இருந்தேன். அள்ளி எங்க ஊத்தறது? ஜன்னல் வழியா ஊத்துனா கதவு வழியா வருது. அப்பத்தான் தையநாயகி ஒரு வார்த்தை கேட்டா. "கடலுக்கு அப்பன் ஆயிட்டீங்க சரி, இவளுக்கு யாரு அப்பன்?" விடிஞ்சதும் மகளைக் கூட்டிக்கிட்டு காலனிக்குப் போயிட்டா. கேள்விதானே, கேட்டுட்டுப் போறா. சோறு மட்டும் சரியா எறங்க மாட்டேங்குது.

நான் ஒண்ணும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கல தம்பி. பஞ்சாயத்துல போய் நின்னேன். இப்ப முதல் பேச்சு என்னுது இல்ல? "கல்லுச் சுவரு போடச் சொல்லிச் சர்க்காருகிட்ட கேப்போம், என் வீட்டு வாசலோட கடலை நிறுத்துவோம்"னேன். நியாயமான பேச்சு. அதுக்கு எந்திரிச்சான் பாருங்க மாணிக்கவேலு. பின்வீட்டுக்காரன். என் சித்தப்பா மகன், பங்காளி. எனக்கு அடுத்து அவன்தான் மாமனார். அம்பது வருஷமா என் முதுகையே பார்த்துக்கிட்டு இருக்கிற பய. எந்திரிச்சு என்ன சொன்னான் தெரியுமா? "பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல சுவரு வைக்கிற ஊரு எங்கேயாவது உண்டா?" என் பேச்சு! எழுத்து மாறாம என் பேச்சு! கூட்டத்துல ஒருத்தன் கோவிந்தாங்கிறான். என்ன அநியாயம் பாருங்க. ஊரு முழுகினாலும் பரவாயில்ல, தன் தலையில பரிவட்டம் ஏறணும்னு நினைக்கிறான். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? எனக்கு அன்னிக்குப் பூரா மனசே ஆறல.

அன்னிலேருந்து காலையில எந்திரிச்சதும் அவன் வாசல்ல வந்து நின்னு என் வீட்டுப் பக்கச் சுவரைப் பார்ப்பான். விரிசல் எவ்வளவு ஆயிருக்குன்னு பார்ப்பான். "என்ன மாமா, சௌக்கியமா?"ம்பான். அவன் கேக்கறது என்னையில்ல, சுவரை.

அதனாலதான் நான் கையெழுத்துப் போடல. புரியுதா? வீட்டு மேல ஆசையில்ல எனக்கு. காலனி வீட்டைப் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். நல்ல வீடு. காஞ்ச தரை. தையநாயகி ஒரு மூலையில அரிசி பரப்பி வச்சிருந்தா, தரையில பரப்பி! இந்திராணி கீழ பாய் போட்டுப் படுத்திருந்தா. எனக்கே ஒரு நிமிஷம் அங்கேயே படுத்துடலாம்னு இருந்துச்சு. ஆனா நான் படுத்தா இந்த வீட்டை இடிப்பாங்க. இடிச்சா அடுத்த நிமிஷம் மாணிக்கவேலு கடைசி வீடு. வர்ற பௌர்ணமி மாசிமகம். அவன் பரிவட்டம் கட்டிக்கிட்டு நிப்பான், நான் கும்பலோட கும்பலா நின்னு, "வாங்க மாமா"ங்கணும். அதுக்கு இந்தச் சுவரு என் மேலயே விழட்டும்.

ஒண்ணு செய்யுங்க தம்பி. நீங்க படிச்சவரு, சொன்னா கேப்பாங்க. மாணிக்கவேலுகிட்டயும் கையெழுத்து வாங்குங்க. முதல்ல அவன் வீட்டை இடிக்கட்டும், அதே நாள்ல அடுத்தாப்புல என் வீட்டை இடிக்கட்டும். ஒரு நாள், ஒரு நாழி அவன் கடைசி வீட்டுக்காரனா இருக்கக் கூடாது. அப்படின்னா நான் இப்பவே போட்டுடறேன். பேனாவை எடுங்க. தையநாயகியும் நிம்மதியா இருப்பா.

என்ன? எப்ப? இன்னிக்குக் காலையிலயே போட்டுட்டானா?

இல்ல, இருக்காது. நேத்து சாயந்திரம்கூட வாசல்ல நின்னு சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தானே. கொஞ்சம் நகருங்க, அந்தப் பின்ஜன்னல் வழியா பார்க்கிறேன்.

கதவைக் காணோம். நிலையோட பேர்த்து எடுத்துட்டுப் போயிருக்கான். மேல ஓடும் இல்ல. காலையில லாரிச் சத்தம் கேட்டுச்சு, நான் கல்லு லாரின்னு நினைச்சுக்கிட்டேன்.

அவன் மட்டுமா, தெரு பூராவுமா? எல்லாருமே போட்டுட்டாங்களா? அப்ப நான் ஒருத்தன்தான் பாக்கியா?

கொஞ்சம் இருங்க தம்பி, ஒரு மாதிரி இருக்கு. எம் பக்கத்துலயே ஒருத்தன் அம்பது வருஷமா இருந்தான். திட்டறதுக்காவது இருந்தான். ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான் பாருங்க. போறேன் மாமான்னு ஒரு வார்த்தை.

இருங்க இருங்க. மாசிமகம்? சாமி? அதையும் பேசி முடிச்சுட்டாங்களா? எங்க? காலனிப் பக்கத்து வாய்க்கால்லயா? கடலைக் கட்டினவரு இந்த வயசுல வாய்க்காலைப் போய் ரெண்டாந்தாரமா கட்டப் போறாரா? கணுக்கால் தண்ணியில சாமியை முக்குவாங்களா, தெளிப்பாங்களா? அங்க யாரு மாமனாராம், வாய்க்காலுக்குத் தண்ணி விடறவனா? விடுங்க, மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டு வேற பக்கம் போனா மாமனார் நேருல போய்க் கூப்பிடணும், அதுதான் முறை. நான் போறேன். பல்லக்குத் தூக்க ஆளில்லைன்னா ஒரு தள்ளுவண்டி போதும். உற்சவர் என்ன பெரிய கனமா? நானே தள்ளிக்கிட்டு வந்துடுவேன்.

ஆமா, நல்லா யோசிச்சுப் பாருங்க. மாணிக்கவேலு வீடு இல்ல. அவனுக்குப் பின்னால இருக்கிற வீடு எதுவும் இல்ல. எல்லாத்தையும் இடிச்சுடுவாங்க. இனிமே தெருவுல இருக்கிறது பெருமாள் கோயிலும் என் வீடும்தான். முதல் வீடு நான், கடைசி வீடும் நான். எனக்கு அப்புறம் யாரு? ஒருத்தனும் கிடையாது! சாமிக்கண்ணு அம்பது வருஷம் இருந்தானாம். இருக்கட்டுமே. அவனுக்குப் பின்னால குப்புராசு இருந்தான். எனக்குப் பின்னால எவன் இருக்கான்? இந்தப் பட்டத்தை இனி என்கிட்டேருந்து புடுங்க இந்த உலகத்துல ஆளே இல்ல தம்பி!

பேனாவை மூடிப் பையில வைங்க. அந்தக் காகிதத்தையும் வைங்க, நனைஞ்சுடப் போகுது. போட மாட்டேன். இத்தனை வருஷம் காத்திருந்து, ஜெயிக்கிற நேரத்துல போய் எவனாவது கையெழுத்துப் போடுவானா?

பார்த்து எறங்குங்க, அந்தப் படி ஆடும். தெருவழியாப் போகாதீங்க, மேற்கால சுத்திப் போங்க, ஏத்தம் வந்துடுச்சு. நீங்க போற வழியிலதான் காலனி. தையநாயகின்னு கேட்டா யாரும் காட்டுவாங்க, வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பா, நான் போட்டேனான்னு கேக்க. கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. வீடு நமக்கே நின்னு போச்சு, போட்டிக்கு ஆளே இல்லைன்னு சொல்லுங்க. அங்க எப்படியும் சாவியை வாங்கிக்குவாங்க, அதனால இன்னிக்கே சாமானைக் கட்டிக்கிட்டு வந்துடச் சொல்லுங்க. இந்திராணியைப் பதமா நடத்திக் கூட்டிக்கிட்டு வரணும். பேரனோ பேத்தியோ, சாமிக்கு மாமனார் வீட்டுலயே பொறக்கட்டும்.

தண்ணி வத்துன நேரமாப் பார்த்து வரச் சொல்லுங்க.